நாலாம் லைன் ஊசிமுனை

தரணீதரன்: ...பத்து மணிக்குத்தானுங்க வாராரு? வரட்டும். ஏரோப்பிளேன் செஞ்ச மனுசனுக்குக் கொழந்தச் சட்டையப் பத்தி என்னங்க தெரியும்?

மைதிலி: அப்படிச் சொல்லாதீங்க சார். ஜெரோம் பிரான்ஸ்ல ரிவெட் அடிக்கிற ஆளாச் சேந்து, முப்பது வருசத்துல அந்த ஃபேக்டரிக்கே தலைவரானவரு. ரிட்டயராகி இப்ப நம்ம சட்டைய வாங்கற பையருக்காகக் கம்பெனி கம்பெனியாப் போயி பாத்துச் சொல்றாரு.

தரணீதரன்: பாக்கட்டும். அருள்புரத்துல எத்தன தையல் யூனிட் இருந்தாலும் அடுத்த ஆர்டர் நமக்குத்தான். க்வாலிட்டிக்கு நீங்க இருக்கறப்ப எனக்கென்ன பயம்?

மைதிலி: அவரு எப்படி மேல வந்தாருன்னு தெரியுங்களா?

தரணீதரன்: மாமனாரு கம்பெனியா இருக்கும்.

மைதிலி: இல்லீங்க. டெலிவரிக்கு நின்ன பிளேன்ல தொளை போடற ட்ரில் பிட்டு ஒண்ணக் காணோம். இவரு அப்ப சூப்பர்வைசர். பிளேன நிறுத்தி, மூணு நாள் தரையெல்லாம் பிரிச்சிருக்காங்க.

தரணீதரன்: கெடச்சுதா?

மைதிலி: இவரு சட்டைப் பையிலயே இருந்துதுங்க.

தரணீதரன்: அட... கமுக்கமா எங்கயாச்சும் போட்டுட்டுப் போயிருக்கலாமே.

மைதிலி: எல்லார் முன்னாடியும் எடுத்துக் காட்டிட்டாருங்க. அடுத்த வருசம் அந்த லைனையே அவருகிட்டக் குடுத்துட்டாங்க.

தரணீதரன்: இங்க வந்தா மொதல்ல எதப் பாப்பாருங்க?

மைதிலி: வந்ததும் ஒடஞ்ச ஊசி நோட்டத்தான் கேப்பாருங்க. ஊசி ஒடஞ்சா எல்லாத் துண்டையும் தேடிப் புடிச்சு ஒட்டோணுமில்லீங்களா? செவ்வாக்கெழமை நாலாம் லைன்ல...

தரணீதரன்: அதான் முனைய ஒட்டியிருக்குதே.

மைதிலி: ஒட்டியிருக்குதுங்க.

தரணீதரன்: அப்பறமென்ன...

மைதிலி: ஒண்ணுமில்லீங்க. காப்பி ஆறுது, குடிங்க.

தரணீதரன்: ...மைதிலி. அந்த முனை கெடைக்கவேயில்லீங்க. மொத லாட்டு, நேரத்துக்கு லாரி ஏறோணுமேன்னு புது ஊசிய ஒடச்சு நாந்தான் ஒட்டுனேன். நாலாயிரம் சட்டைல ஏதோ ஒண்ணுல கெடக்குது. பச்சக் கொழந்த போடற சட்டை... மூணு நாளாத் தூக்கமில்லீங்க. அவரு வந்ததும் நானே சொல்லிப்போடறேன். ஆர்டர் போனாப் போகுது. இன்னொண்ணு புடிக்கத் தெரியாதவனா நானு?

மைதிலி: நோட்டுல ஒட்டியிருந்த ரெண்டு துண்டையும் சேத்து வெச்சுப் பாத்தேன், பொருந்தலீங்க. நேத்தே அவருக்குச் சொல்லிட்டேன். காலைல ஏழு மணியிலிருந்து கீழ பேக்கிங்லதான் இருக்காருங்க... பொட்டியெல்லாம் பிரிச்சு, ஒவ்வொரு சட்டையா ஊசி கண்டுபுடிக்கற டிடெக்டர்ல உட்டுப் பாத்துட்டு. மொதலாளி தானா வந்து சொன்னாத்தான் ஆர்டர்னுட்டாரு. வாங்க சார், போலாம்.