மஞ்சள் மெஷினை நான் ஏன் தொடவில்லை

புயல் வந்த வருடம், பனவடலிசத்திரத்திலிருந்து சங்கரன்கோவில் வரைக்கும் ரோட்டில் விழுந்து கிடந்த மரங்கள் அத்தனையையும் நான் ஒருவனாக அறுத்துத் தள்ளினேன். காலையில் ரம்ப மெஷினின் கயிற்றை ஒரு தடவை இழுத்துக் கிளப்பியதுதான். ஒரே டேங்க் பெட்ரோல். எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த பஸ் மூன்றாவது கியரை விட்டு இறங்கவே இல்லை. பறந்த மரத்தூளில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மஞ்சள் பூசிக் குளித்தவர்கள் மாதிரி சங்கரன்கோவிலில் இறங்கினார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் மேடம், தப்பில்லை. இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இந்த ஊரில் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நேற்று நீங்கள் ஸ்டேஷன் வாசலில் வைத்துப் பிச்சையாவின் மஞ்சள் மெஷினை இழுத்துப் பார்த்தீர்களாம். ஒரே இழுப்பில் எழுந்ததாம். இன்று ஆள் அனுப்பி என்னை வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். பிச்சையா மரத்துக்கு அடியில் மாட்டிக் கிடந்தபோது இப்படி ஒரு மெஷின் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்திருக்கிறதே, அதை எடுத்து அறுத்து அவனை ஏன் வெளியே எடுக்கவில்லை என்று.

நியாயமான கேள்வி. டீயும் நன்றாக இருக்கிறது.

ராஜபாளையம் ரோட்டில் கோமதிநாயகம் கடை என்றால் உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த இன்ஸ்பெக்டர்கள் எல்லாருக்கும் தெரியும். மோட்டார், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், மரம் அறுக்கும் செயின் ரம்பம் மூன்றும் விற்றேன். நான் விற்ற மோட்டார் ஒன்று பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று மீனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து, பஞ்சாயத்தே நடந்தது. போன வருடம் ஓய்வு பெற்றுக் கடையை மகன் கோகுலிடம் கொடுத்தேன். அவன் செய்த முதல் காரியம், நான் காலமெல்லாம் விற்ற சிவப்பு மெஷினை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டு மஞ்சளை ஏற்றியது. சிவப்பு எங்கே என்று கேட்டேன். "சர்வீசுக்கு வாரவன் மூஞ்சியில முழிக்க முடியல, அப்பா" என்றான்.

கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். நிறம் போதும். இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லத் தகுதியுள்ள ஆள் இந்தத் தாலுகாவில் என்னை விட்டால் பிச்சையாதான், அவனும் இப்போது இல்லை. அதனால் நான் சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு கனமானது, கோபக்காரன். புளியமரத்து வைரத்தில் வைத்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். மஞ்சள் லேசானது, இழுவை குறைவு. சிவப்பு பத்து வெட்டு வெட்டும் நேரத்தில் அது ஆறுதான் வெட்டும். ஆனால் எப்போது இழுத்தாலும் எழும். மழையில் நனைந்தாலும் எழும், சூட்டிலும் எழும்.

சிவப்புக்கு ஒரு குணம் உண்டு. வாடிக்கையாளர் யாரிடமும் நான் சொன்னதில்லை. சூடாக இருக்கும்போது அணைத்தால், நன்றாக ஆறும்வரை எழாது. கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் இருமிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதனால் நான் சிவப்பைக் கிளப்பினால் அணைக்கவே மாட்டேன். டீ குடிக்கும்போதும் பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும். ஒருவரிடம் பேசும்போதும் இடையிடையே விரலால் ஒரு முறுக்கு முறுக்கி அதன் உயிரைப் பிடித்து வைத்திருப்பேன். பார்த்தவர்கள் அதை என் ஸ்டைல் என்று நினைத்தார்கள். ஒரே டேங்க் என்று நான் சொல்வதற்கும் அதுதான் காரணம். பெட்ரோல் ஊற்ற வேண்டுமென்றால் அணைக்க வேண்டுமே.

புயலன்றைக்குப் பெட்ரோல் கேன் தூக்கிக்கொண்டு என்னோடு வந்த ஒரே ஆள் பிச்சையா. மரம் வெட்டுகிறவன். கை சுத்தம், பேச்சு மெதுவு. ஊரில் எல்லாரும் என் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள், சிரித்துவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிச்சையா மட்டும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாக ஒரு வரி சொல்லுவான்.

"அண்ணாச்சி, ஓடைப்பாலத்துல உக்காந்திருந்தீயல்லா, அதையும் சொல்லுங்க."

அவ்வளவுதான். பாலத்தில் சிவப்பு மெஷின் நின்றுவிட்டதாகவும், நான் அதை மடியில் வைத்து ஊதிக்கொண்டு பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்ததாகவும், அவன் போய் ஒரு மஞ்சள் மெஷினை இரவல் வாங்கிவந்து மீதி ரோட்டை அறுத்ததாகவும், பஸ் மத்தியானம் வரை அங்கேயே நின்றதாகவும் அவன் விவரிப்பதுகூட இல்லை. பாலம் என்று மட்டும் சொல்லுவான். நான் கதையை எங்கே தொடங்கினாலும், எவ்வளவு வேகமாக ஓட்டினாலும், அந்தப் பாலத்தில் கொண்டுவந்து என்னை உட்கார வைத்துவிடுவான். கல்யாண வீட்டில், துஷ்டி வீட்டில், கோகுல் மஞ்சள் ஏஜென்சி எடுத்த திறப்பு விழாவில்கூட. நீங்கள் ஆட்களை அறையில் போட்டுப் பூட்டுகிறவர். ஒருவனை ஒரு பாலத்தில் போட்டுப் பூட்ட முடியும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்காது.

கடையநல்லூர் மைதீன் பாட்சா துபாயை முடித்துக்கொண்டு வந்து பனவடலிசத்திரத்தில் தோப்பு வாங்கினார். தோப்பு ஓரத்தில் காற்றில் சாய்ந்த புளியமரம் ஒன்று கிடந்தது. எந்த மெஷின் நம்பகமானது, அதை வாங்கிப் போடலாம் என்று என்னிடம் கேட்டார். நான் சிவப்பு என்றேன். பிச்சையா மஞ்சள் என்றான். நல்ல மனுஷர், அந்தப் புளியமரத்தையே ஆளுக்கொரு பக்கமாக அறுங்கள், பார்த்து முடிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டு வருகிறேன், அதுவரை ஆரம்பித்துவிட வேண்டாம் என்றும் சொன்னார். நாங்கள் ஆரம்பித்துவிட்டோம். காத்திருப்பதென்றால் நான் கிளப்பிய மெஷினை அணைக்க வேண்டும்.

மரம் எப்படிக் கிடந்தது என்று நீங்களே வந்து பார்த்தீர்கள். ஒரு முனை வேரோடு தரையில். மறு முனையைத் தடித்த கிளை ஒன்று தூண் மாதிரி ஊன்றித் தாங்கியிருந்தது. நடுமரம் இடுப்புயரத்தில் நின்றது. பிச்சையா நடுவில் மேலிருந்து அறுத்தான். பாதி இறங்கியதும் மரம் தொய்ந்து, வெட்டுவாய் மூடி, மஞ்சள் மெஷினைக் கவ்விக்கொண்டது. இதில் மெஷினைக் குறை சொல்ல முடியாது, எந்த மெஷினையும் கவ்வும். அவன் மெஷினை அணைத்துவிட்டு, அடியில் கல்லை முட்டுக் கொடுத்து மரத்தைச் சற்றுத் தூக்கப் பார்த்தான்.

மரம் அறுப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் அடியில் போனால் மற்றவன் மெஷினை அணைத்துத் தரையில் வைத்துவிட வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறியவனோடு யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள். பிச்சையா அடியில் போய் மல்லாந்து படுத்துக் கல்லை நகர்த்தினான். நான் தாங்குகிளைப் பக்கம் சிவப்பை உறுமவிட்டுக்கொண்டு நின்றேன்.

அடியிலிருந்து அவன் குரல் வந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "அணைச்சிட்டு நில்லுங்க அண்ணாச்சி. எந்திக்காதுன்னு பயந்தா, இங்கன பாலம் ஒண்ணுங் கெடயாது, கல்லுல உக்காந்துக்கிடலாம்."

நான் கோபப்படவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரையும் கேளுங்கள், நான் கோபப்படுகிற ஆள் இல்லை. சிவப்பு எப்படி இறங்கும் என்று அவனுக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். தாங்குகிளையில் வைத்து அழுத்தினேன். அவன் அடியில் இருப்பது தெரியும். கிளை போனால் மரம் எங்கே இறங்கும் என்பதும் தெரியும். நான் இந்தத் தொழிலில் கிடந்தவன். நீங்கள் எழுதியிருக்கிறபடி மரம் தானாகப் புரளவில்லை. சிவப்பு வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அதை மட்டும் அவன் பார்த்திருந்தால் போதும் என்று அப்போது நினைத்தேன்.

மரம் அவன் வயிற்றுக்கும் இடுப்புக்கும் மேல் இறங்கி நின்றது. முட்டுக் கொடுத்த கல் பாதிப் பாரத்தை வாங்கியதால் அவனுக்கு மூச்சும் பேச்சும் இருந்தது. இறங்கிய வேகத்தில் வெட்டுவாய் திறந்து, மஞ்சள் மெஷின் துள்ளி என் காலடியில் வந்து விழுந்தது. நீங்கள் சொன்ன கைக்கெட்டும் தூரம் என்பது சரி. குனிய வேண்டும், அவ்வளவே.

அவன் அலறவில்லை. முதலில் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி, மெஷின அணைச்சிராதீய."

பாருங்கள், அந்த நிலையிலும் சிவப்பின் குணம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. நான் அணைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெட்டு வெட்டி நடுத்துண்டைப் புரட்டினால் ஆளை எடுத்துவிடலாம். ஒரு பாட்டுக் கேட்கும் நேரம் ஆகும். நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டேன். "ஏலே பிச்சையா, பாலத்துல மெஷின் நின்னுச்சா, ஓடுச்சா?"

முதலில் அறுங்கள், பிறகு பேசலாம் என்றான். வீட்டில் சமைந்த பிள்ளை இருக்கிறாள் என்றான். எனக்கும் தெரியும், அவள் காது குத்துக்கு நான் போயிருக்கிறேன், அங்கேயும் அவன் பாலத்தைச் சொன்னான். நான் மறுபடியும் கேட்டேன். அவன் கண்ணை என் காலடிக்குத் திருப்பி, "மஞ்ச மெஷின் கெடக்கு, அதையாவது எடுங்க" என்றான்.

அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான் மேடம். அதை எடுத்து இழுத்தால் எழும் என்று எனக்குத் தெரியும். உங்களைவிட நன்றாகத் தெரியும். அது எழுந்திருந்தால், அவனை அறுத்து எடுத்திருந்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவன் சாகும்வரை ஒவ்வொருவரிடமும் சொல்லியிருப்பான், மறுபடியும் மஞ்சள்தான் வந்து முடித்தது என்று. ஒரு பாலம் போதாதென்று ஒரு தோப்பும் சேர்ந்திருக்கும். அதை நான் காலால் சற்று அந்தப் பக்கம் தள்ளினேன். பாதுகாப்புக்காகத்தான், கீழே கிடக்கிற மெஷினில் யாராவது கால் வைத்துவிடக் கூடாது.

பிறகு அவன் உதடு அசைந்தது. ஏதோ சொன்னான். சிவப்பின் உறுமலில் கேட்கவில்லை. குனிந்து காதை வைத்தேன், அப்போதும் கேட்கவில்லை. இத்தனை வருடம் காத்திருந்து கேட்கிற ஒரு சொல்லை அரைகுறையாகக் கேட்க எனக்கு மனமில்லை. என் விரல் சுவிட்சுக்குப் போவதை அவன் பார்த்தான். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். நான் அணைத்தேன்.

அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது. மைதீன் பாட்சா வந்து பார்த்தபோது பிச்சையாவுக்கு மூச்சு நின்றிருந்தது, நான் இன்னும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை இரண்டும் உரிந்து கிடந்தன. கயிறும் அறுந்தது. ஆளைக் காப்பாற்றக் கிழவர் எப்படிப் போராடியிருக்கிறார் என்று அவர் அழுதார், நீங்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். கயிறு அறுந்ததால்தான் எழவில்லை. இன்னொரு இழுப்பு கிடைத்திருந்தால் சிவப்பு எழுந்திருக்கும். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் இது விபத்து என்று முடிந்துவிடும், எனக்குத் தெரியும். கோகுல்கூட நம்ப மாட்டான், அப்பா இதையும் கூட்டிச் சொல்கிறார் என்பான். ஆனால் விபத்து என்று மூடினால் பிச்சையா கடைசியாகச் சொன்னதும் அதோடு மூடிப்போகும். கேட்டவன் நான் ஒருவன்தான். அதனால் கைவிலங்கோ ஜெயிலோ எதுவானாலும் சரி, அதை மட்டும் அவன் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். மெஷின் அடங்கியதும் தோப்பில் காற்று நின்ற மாதிரி இருந்தது. அவன் என் கையிலிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டு தெளிவாகச் சொன்னான். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"நடந்துச்சு அண்ணாச்சி. ஒத்த இழுப்பு, ஒத்த டேங்க்கு. பாலத்துல நிக்கவே இல்ல, நான் பாத்தேன். இப்பம் இழுங்க."