முந்தித் திறந்த உப்புத் தண்ணீர்

சாப்பிடுவதற்கு முன் இரண்டு தடவை கை கழுவுவேன், ஐயா. எங்கள் வேலையின் வாடை விரலைவிட்டு லேசில் போகாது.

நாங்கள் செய்வது பிளாஸ்டிக் மணிகள். பெரிய தொட்டியில் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைத் தண்ணீரோடு கலக்கிச் சூடாக்கினால், அது கடுகளவு துளிகளாகப் பிரிந்து மெல்ல இறுகும். பக்கத்துத் தொட்டியில் பால் மாதிரி ஒரு கரைசல். அதில் மிதக்கும் துகள்கள் கண்ணுக்கே தெரியாது. மணி இறுகியதும் அந்தப் பாலை அதில் ஊற்றி, உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்போம். பால் திரிந்து ஒவ்வொரு மணியின்மேலும் தோலாகப் படியும். உள்ளே கெட்டி, வெளியே மிருது. இறுகுமுன் உப்பு விழுந்தால் மணிகள் ஒட்டிக்கொண்டு தொட்டி முழுக்க ஒரே கட்டியாகிவிடும்.

அந்த நேரத்தை இருபத்திரண்டு வருடம் என் விரல்தான் சொன்னது. மாதிரி எடுத்து நசுக்கிப் பார்த்து நான் தலையசைத்தால்தான் உப்பு.

என் தங்கை கணவரை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் ஒரு கருவியைப் பொருத்தி, இறுகும் நேரத்தை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று காட்டினார். என்னை மூட்டை கட்டும் பிரிவுக்கு மாற்றுவதென்று மேலாளர் முடிவு செய்தார். அன்று தங்கை வீட்டில் சாப்பாடு.

"மச்சான், ரிட்டயர் ஆகப்போற விரலுக்கு ஒரு மோதிரம் போட்டுடலாமா?" என்றார் மாப்பிள்ளை.

தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கருவி தவறும் என்று காட்ட நினைத்தேன், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் வேலையில் அவர் சாப்பிடப் போன நேரத்தில் உப்புத் தண்ணீரை இருபது நிமிடம் முன்னதாகத் திறந்துவிட்டேன். தொட்டி முழுக்கக் கட்டியானது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் பொறுப்பில் கட்டியானதோ, அவரே தொட்டிக்குள் இறங்கிச் செதுக்க வேண்டும். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். செதுக்கச் செதுக்க, இறுகாத திரவத்தின் ஆவி கிளம்பி மூச்சை அடைக்கும். அதனால் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று கயிற்றையும் விசிறியையும் பார்த்துக்கொள்ளும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"விசிறி ஓடலையே மச்சான்?"

"நீங்க இறங்குங்க மாப்பிள்ளை, போட்டுடறேன்."

இறங்கினார். என்னை நம்பாதிருக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

கயிறு மூன்று முறை இழுபட்டது. மூன்று என்றால் மேலே தூக்கு என்று அர்த்தம். மறுபடி இழுபட்டபோது அதில் பலம் இல்லை. அப்புறம் நானே ஆட்களைக் கூப்பிட்டேன்.

எந்தக் குழாய் எப்போது திறந்தது என்பதை அந்தக் கருவி நிமிடக் கணக்காகப் பதிந்து வைத்திருக்கிறது. அதனால்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். கருவி தவறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"கடைசி நிமிஷம் வரைக்கும் நீ பக்கத்துல இருந்தியே அண்ணா, எனக்கு அது போதும்" என்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அவளிடம் பேசும்போது ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லுங்கள், ஐயா. கயிற்றை நான் விடவில்லை. இழுக்கவில்லை, அவ்வளவுதான்.