ராஜாராமின் பியானோவைப் பூட்டாதீர்கள்

மேடையை நிறைத்திருக்கும் சபாத் தலைவர் அவர்களே, செயலாளர் கண்ணுச்சாமி அவர்களே, போட்டோ எடுத்து முடித்ததும் கிளம்பத் துடிக்கும் பெருமக்களே, உண்மையாகவே அழுதுகொண்டிருக்கும் சிலரே, வணக்கம்!

‘இசைப்பேரொளி’ ராஜாராம் என்று இரங்கல் கூட்டப் பேனரில் போட்டிருக்கிறீர்கள். எப்போது கொடுத்தீர்கள் இந்தப் பட்டத்தை? பேனர் அடிக்கக் கொடுத்தபோதா? போன வாரம் வரைக்கும் இந்த மண்டபத்தில் அவர் பெயர் ‘பொட்டி வாசிக்கிற ஆளு’. அவரோடு ஒரே பள்ளியில் பாட்டு ஆசிரியராக இருந்த இந்த அருள்பாண்டி அதைக் காதாரக் கேட்டிருக்கிறேன்.

என்ன குற்றம் செய்தார் ராஜாராம்? பழைய கீர்த்தனைகளைப் பியானோவில் தனியாக வாசித்தார். அதோடு நிற்காமல், பல்லவியில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அந்த நிமிடத்தில் மனத்தில் தோன்றியதையெல்லாம் வாசித்தார். அது பொறுக்கவில்லை உங்களுக்கு!

“சுரத்தை வளைக்க முடியாத பொட்டியில என்னய்யா கீர்த்தனை?” என்று கேட்டார் செயலாளர்.

“வளைக்க முடியாதுண்ணே. அதான் அந்த வளைவை அம்புட்டு நேரம் தேடுறேன்” என்றார் ராஜாராம். எப்பேர்ப்பட்ட பதில்! உங்களுக்கோ அது திமிராகப் பட்டது.

ஆண்டு விழாவில் அவருக்கு நீங்கள் ஒதுக்கியது, கூட்டம் வந்து உட்காரும் நேரத்தை. அவர் தோடியில் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கையில், செயலாளர் மேடையேறி “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்” என்றார். வேறொருவராக இருந்தால் எழுந்து போயிருப்பார். ராஜாராம் அந்த ‘ஹலோ’வின் சுருதியைப் பிடித்துத் தோடிக்குள் இழுத்து, விதவிதமாக விரித்து வாசித்தார். திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்த சனம் எழுந்து நின்று கைதட்டியது. செயலாளருக்கு மானம் போய்விட்டதாம். அத்தோடு ராஜாராமுக்கு மேடையும் போனது. தூ!

அவர் வாங்கிய பியானோ, அவனியாபுரம் வீட்டு மாடிப்படியில் ஏறவில்லை. அதனால்தான் இந்த மண்டபத்து மூலையில் கிடந்தது. தினமும் சாயங்காலம் அவரும் மகள் காவ்யஸ்ரீயும் வந்து வாசித்துவிட்டுப் போவார்கள். இன்றைக்கு அதைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துப் பூட்டி, நினைவுச் சின்னமாக்கத் தீர்மானம் போடப் போகிறீர்கள்! இதோ, அதன் மூடி மேலேயே அவர் படத்தையும் குத்துவிளக்கையும் வைத்திருக்கிறீர்கள். எண்ணெய் ஒழுகிக் கட்டைகளுக்குள் இறங்குகிறது. இத்தனை சங்கீத ரசிகர்கள் இருக்கும் சபையில் அதைத் துடைக்க ஒரு கை இல்லையா?

காலையில் காவ்யஸ்ரீ என்னிடம் கேட்டாள்: “மாமா, அதைப் பூட்டிட்டாங்கன்னா அப்பா பாட்டை நான் எதுல வாசிக்கிறது?” இப்போது எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: அந்த வாசிப்பு நிற்காது! நான் இருக்கும் வரை நிற்க விடமாட்டேன். தீர்மானத்தைக் கிழித்துப் போடுங்கள். விளக்கைக் கீழே இறக்குங்கள்.

அடுத்து மௌன அஞ்சலி என்றார்கள். வேண்டாம். இத்தனை வருடமும் அவருக்கு நீங்கள் கொடுத்தது அதைத்தான். எழுந்தவர்கள் எல்லாரும் உட்காருங்கள். காவ்யஸ்ரீ, வாம்மா, வந்து மூடியைத் திற.