புதன்கிழமை அடைத்த வழி

தேவ்நாரிலிருந்து உங்கள் ஸ்டேஷனுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் சட்டையெல்லாம் கசங்கிவிட்டது, மன்னிக்க வேண்டும் சார். அந்த ஃபேனை மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். எது சுற்றினாலும் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் என் மனைவி பிரபாவதி மிக்ஸி போட்டாள். நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பாதி அரைந்த சட்னியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் பெயர் சுயம்பு. தாராவிப் பட்டறைகளில் எந்திரங்களுக்கு நெட் இணைப்பு கொடுப்பது தொழில். பழைய எந்திரத்தின் பின்னால் கேபிள் சொருக சீரியல் போர்ட் என்று ஒரு துளை இருக்கும். அதில் தீப்பெட்டி அளவு பாக்ஸை மாட்டி, அதை ரவுட்டரோடு இணைத்து, ரவுட்டரில் ஒரு வழி திறந்துவிடுவேன். போர்ட் ஃபார்வர்டிங் என்பார்கள். இந்த எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் நேரே அந்த எந்திரத்திடம் கூட்டிப்போ என்று ரவுட்டருக்குச் சொல்லிவைப்பது, அவ்வளவுதான். அப்புறம் நான் வீட்டில் உட்கார்ந்தபடியே எந்திரத்தை ஓட்டலாம், நிறுத்தலாம், கோளாறு பார்க்கலாம். பத்தொன்பது பட்டறைகளில் இப்படிச் செய்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பாக்ஸோடு வந்த பாஸ்வேர்டுதான், மாற்றவில்லை. சோம்பேறித்தனம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெயகணேஷ் அண்ணாச்சியின் ஜீன்ஸ் சலவைப் பட்டறையும் அதில் ஒன்று. ஜீன்ஸையும் கல்லையும் சேர்த்துப் போட்டுச் சுற்ற, ஆள் உயரத்துக்கு ஒரு டிரம். அதை ஓட்டுகிறவன் ஹமீது, கடையநல்லூர்க்காரன், என்னைவிட நாலு வயது இளையவன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும் முன் டிரம்முக்குள் இறங்கி, அடியில் படிந்த பஞ்சையும் கல்தூளையும் வழித்தெடுப்பான். கதவு திறந்திருந்தால் ஓடவிடாத சுவிட்சு ஒன்று இருந்தது. மக்கர் பண்ணுகிறது என்று எப்போதோ கழற்றிவிட்டார்கள். அதனால் மெயினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவான். மெயின் போனால் என் பாக்ஸும் ரவுட்டரும் சேர்ந்து போய்விடும். நான்தான் சொன்னேன், மெயின் இருக்கட்டும், ஸ்டார்ட் பட்டனில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு இறங்கு என்று. அந்தச் சந்தில் சிவப்புத் துணி கட்டிய சுவிட்சை யாரும் தொடமாட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை டிரம் தானாகச் சுற்றியது. எவனோ எங்கோ இருந்துகொண்டு, நான் திறந்துவைத்த வழியில் நுழைந்து விளையாடியிருக்கிறான். ஹமீதின் கை உள்ளே இருந்தது. ஒரு நகம் பெயர்ந்ததோடு போயிற்று. சாயங்காலம் கட்டுப்போட்ட விரலோடு என் வீட்டுக்கு வந்தான்.

"தொடாமலே சுத்துதுண்ணே. உங்க பாக்ஸ்தாம். இனிமே நான் உள்ள எறங்க மாட்டேன்" என்றான். "வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சதும் அண்ணாச்சிகிட்ட சொல்லி அந்த பாக்ஸக் கழட்டி பந்த் பண்ணச் சொல்லப் போறேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டா நல்லது. நான் போட்டுக்குடுத்த மாதிரி இருக்கப்படாது பாருங்க."

நல்ல மனிதன். எனக்கு மூன்று நாள் கொடுத்தான். அந்த மூன்று நாளும் நான் பயத்தில் செத்தேன் சார். ஒரு பட்டறையில் தெரிந்தால் பத்தொன்பதிலும் தெரிந்துவிடும், அப்புறம் என்னை எவன் உள்ளே விடுவான்? சோறு இறங்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு ஹமீது ஒருவன்தான் பேயாகத் தெரிந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னால், அவன் உள்ளே இருக்கும்போது டிரம் சுற்றியது. பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள். துணி கட்டியது கட்டியபடி இருந்ததாக உங்கள் ஆட்கள் சொன்னார்கள். துணி பட்டனைத்தான் காக்கும் சார், ரவுட்டருக்கு அது தெரியாது. வெளியாள் எவனோ மறுபடி நுழைந்துவிட்டான் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. புதன்கிழமையே அந்த வழியை அடைத்துவிட்டேன். பாஸ்வேர்டையும் மாற்றினேன். என் வீட்டு இணைப்பைத் தவிர வேறு எங்கிருந்தும் யாரும் நுழைய முடியாது. சுத்தமான வேலை, நீங்கள் யாரை வைத்துச் சோதித்தாலும் குறை சொல்லமாட்டார்கள்.

ஆனால் இறங்கமாட்டேன் என்று ஹமீது சொல்லியிருந்தானே. அதனால் வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அவனுக்குப் போன் செய்தேன். வழியை அடைத்தாயிற்று, இனி என்னைத் தவிர யாரும் அந்த எந்திரத்தைத் தொட முடியாது என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"நீங்க பாத்துக்கிடுதீயன்னா எனக்கென்னண்ணே பயம்" என்றான். "வைங்க, துணியக் கட்டிட்டு எறங்குதேன்."

பத்து நிமிடம் பொறுத்தேன். பயத்தில் செய்ததுதான் சார், யோசித்துச் செய்ததில்லை. முதல் தடவை பாஸ்வேர்டு தப்பாகிவிட்டது, மறுபடி நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் போட வேண்டியிருந்தது.