சுகாதார நிலையத்துக்குத் தகரம் அடித்தவன் பேசுகிறேன்

தலைமை ஏற்றுத் தளராமல் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, அவருக்கு வலப்புறம் கோப்போடும் இடப்புறம் குடிநீரோடும் வீற்றிருக்கும் அதிகாரப் பெருமக்களே, ஊசிக்கு அஞ்சாமல் கை நீட்டிய பெரியோர்களே, பிள்ளைகளுக்கு முகக்கவசம் மாட்டி மாட்டியே பொறுமை தேய்ந்த தாய்மார்களே, வந்த இருமலை அடக்கிக்கொண்டு என்னையே பார்க்கும் கடைசி வரிசைத் தோழர்களே, தாராளமாக இருமுங்கள், இப்போது யாரும் எழுந்து ஓடமாட்டார்கள். உங்கள் அனைவருக்கும் இந்தத் தச்சனின் வணக்கம்.

தச்சனுக்கு ஏது இவ்வளவு தமிழ் என்று அங்கே ஒருவர் முணுமுணுக்கிறார். சொல்கிறேன் ஐயா. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஊரின் மேடைகளை அடிப்பவன் நான். பலகை பெயராமல் பார்த்துக்கொள்ள, கூட்டம் முடியும்வரை மேடைக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். என் தலைக்கு மேல் முழங்காத பேச்சாளர் இல்லை. "இறுதியாக" என்று சொன்ன பிறகும் யார் அரை மணி நேரம் பேசுவார் என்பதைக் கால் வைக்கும் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். கீழே கிடைத்த தமிழை இன்று மேலே வந்து திருப்பித் தருகிறேன், அவ்வளவுதான்.

எனக்கு இன்று பாராட்டுப் பத்திரம் வழங்கியிருக்கிறார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் பதினேழு கட்டடங்களைத் தகரம் வைத்து அடைத்து, கிருமியைச் சிறைப்பிடித்த வீரன் என்று அதில் எழுதியிருக்கிறது. பதினாறு சரி. பதினேழாவது நம் சுகாதார நிலையம். சிரிக்காதீர்கள். என் கூடப் பிறந்த அக்காவின் மூச்சை என் கையாலேயே அடைத்த கதை அது.

எப்படி நடந்தது? நல்ல மனதால் நடந்தது. சுகாதார நிலையத்தில் ஒரு பதிவெழுத்தர் இருந்தார். நோயாளியின் முகவரியை எழுதாவிட்டால் கணினி மாத்திரை கொடுக்கச் சம்மதிக்காது. பேருந்து நிலையத்தில் படுத்திருந்தவர்கள், விடுதியிலிருந்து துரத்தப்பட்டவர்கள், வேலை போய் நடந்தே வந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் ஏது முகவரி? பார்த்தார் எழுத்தர். எல்லோருக்கும் சுகாதார நிலையத்தின் கதவிலக்கத்தையே எழுதிவிட்டார். நாற்பத்து மூன்று பேருக்கு மாத்திரை கிடைத்தது. அவர் வாழ்க!

ஆனால் தலைமை அலுவலகத்தில் என்ன தெரிந்தது? ஒரே கட்டடத்தில் நாற்பத்து மூன்று நோயாளிகள் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பத்துப் பேருக்கு மேல் போனால் கட்டடத்தை அடைக்க வேண்டும் என்பது விதி. உத்தரவு வந்தது. தகரம் வந்தது. நானும் வந்தேன்.

நான் கேட்டேன், கேட்காமல் இல்லை. "சார், இது ஆஸ்பத்திரி சார்" என்றேன். மேற்பார்வையாளர் உத்தரவை மூன்று முறை படித்துவிட்டு, "இதுல கட்டடம்னுதான் போட்டிருக்கு. ஆஸ்பத்திரியும் கட்டடந்தானே?" என்றார். மறுத்துப் பேச முடியுமா? கட்டடம்தானே அது? அடித்தேன். அன்பர்களே, அளந்து அடித்தேன், அழகாக அடித்தேன், அசையாமல் அடித்தேன்.

அதைவிடக் கூத்து ஒன்று உண்டு. உள்ளே இருந்த செவிலியர் சன்னலைத் திறந்து எனக்குத் தேநீர் கொடுத்தார். வரிசையில் நிற்பவர்களுக்கு நிழல் வேண்டும், ஒரு கொட்டகை போட்டுத் தாருங்கள் என்று ஆறு மாதமாக அவர் மனுப் போட்டுக்கொண்டிருந்தாராம். ஒருவழியாக அரசாங்கம் கண் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். "அண்ணே, அந்த மூலை காத்துல ஆடுது, இன்னும் ரெண்டு அடிங்க" என்றார். இன்னும் இரண்டு அடித்தேன். குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தச் சன்னலையும் அடைத்தேன்.

மறுநாள் முதல் உள்ளே இருந்த மருத்துவருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வரத் தொடங்கியது. வெளியே வராதீர்கள், மூச்சுத் திணறினால் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள் என்று அறிவுரை. நான்தானம்மா சுகாதார நிலையம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் உங்களுக்குத் தூரம் குறைவு, நல்லதுதான் என்று பதில் வந்திருக்கிறது. அந்த நாற்பத்து மூன்று பேரும் தங்கள் வீடு என்று எழுதப்பட்ட கட்டடத்துக்கு வெளியே, மாத்திரை இல்லாமல், தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, வீட்டை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார். கிண்டலா, உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான்காம் நாள் என் அக்காவுக்கு மூச்சு முட்டியது.

என் அக்கா தையற்காரி. இந்த ஊரில் பாதிப் பேர் முகத்தில் இருந்த கவசம் அவள் தைத்தது. அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள். அவளை என் மூன்று சக்கர வண்டியில், பலகைகளை இறக்கிவிட்டு, படுக்க வைத்து மிதித்துக்கொண்டு வந்தேன். எங்கே வந்தேன்? வேறெங்கே போவது? ஆக்ஸிஜன் சிலிண்டர் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஆக்ஸிஜன். இந்தப் பக்கம் அக்கா. நடுவில் நான் அடித்த ஆணி.

காவலுக்கு நின்றவர் கெட்டவர் அல்லர். வழிமுறையைப் பொறுமையாகச் சொன்னார். தகரத்தை அகற்ற மனு வேண்டும். மனுவில் மருத்துவ அலுவலர் கையெழுத்து வேண்டும். மருத்துவ அலுவலர் எங்கே? உள்ளே. சரி, அவரும் அவசரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தகரத்தின் அடியில் தள்ளினார். காவலர் அதை இடுக்கியால் எடுத்தார். எடுத்து ஒரு பெட்டியில் வைத்தார். நோய் இருக்கும் கட்டடத்திலிருந்து வந்த தாள் என்பதால் பதினான்கு நாள் கழித்துத்தான் தொடலாமாம். பெட்டியின் மேல் தேதியும் எழுதினார். அழகான கையெழுத்து.

நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நின்றேன். வண்டியில் கிடந்த அக்காதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சைத் தேடிக்கொண்டு கேட்டாள்.

"நீ அடிச்ச ஆணிதானேடா? உனக்குப் புடுங்கத் தெரியாதா?"

பிடுங்கினேன் ஐயா. சுத்தியலின் பிளந்த பக்கத்தால் பிடுங்கினேன். வரவில்லை. என் ஆணி எளிதில் வராது, அதற்குத்தான் ஊரில் எனக்குப் பெயர். வாழ்க்கையில் முதல்முறையாக என் வேலை சுத்தமாக இருந்ததற்காக அழுதேன். காவலர் சத்தம் போட்டார், ஊதல் ஊதினார், பிறகு அக்காவின் உதட்டைப் பார்த்தார். நீலம் பாய்ந்திருந்தது. ஊதலைப் பையில் போட்டார். தகரத்தின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். தகரம் கிழிந்தது. கதவு திறந்தது. அக்கா உள்ளே போனாள், அவள் பின்னாலேயே நாற்பத்து மூன்று பேரும் போனார்கள்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பேச்சைச் சீக்கிரம் முடி என்று சைகை காட்டுகிறாள். கை தட்டுங்கள், எனக்கல்ல, அவளுக்கு.

முடிக்கிறேன் அக்கா. ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி. இன்று எனக்குக் கொடுத்த உறையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று பாராட்டு. மற்றொன்று, அரசுக்குச் சொந்தமான தகரத்தை ஏன் பிடுங்கிச் சேதப்படுத்தினாய் என்று ஏழு நாளில் விளக்கம் கேட்கும் ஓலை. இரண்டிலும் ஒரே கையெழுத்து. தலைவர் தண்ணீர் குடிக்கிறார். குடியுங்கள் ஐயா, நான் உங்களைக் குறை சொல்லவில்லை. தனியாக எழுதித் தர எனக்கு நேரமில்லை, இந்தப் பேச்சையே விளக்கமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஏன் பிடுங்கினாய் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அக்காவுக்கு மூச்சு வரவில்லை, அதனால் பிடுங்கினேன். குழந்தையும் சொல்லும் பதில் இது. ஆனால் அவையோரே, ஏன் அடித்தாய் என்று இன்றுவரை என்னை யாராவது கேட்டீர்களா? ஆஸ்பத்திரி என்று தெரியும். உள்ளே ஆள் இருப்பது தெரியும். அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே அடித்தேன். ஏன் அடித்தாய்? அந்த ஓலையை அனுப்புங்கள். ஏழு நாள் தவணை வேண்டாம், ஏழு ஆண்டு கொடுங்கள். அப்போதும் என்னிடம் விளக்கம் இருக்காது.

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கும், மறுமுனையைப் பிடித்து இழுத்த அந்தக் காவலருக்கும், பேச அனுமதித்த தலைவருக்கும் என் நன்றி. வணக்கம்.