காத்தவராயன் பேருல ஒரு பச்சைச் சீட்டு

அந்த ஊசிய கீழ வையுங்க டாக்டரய்யா. எங்க அண்ணன் முதுகுல குத்த வேணாம். நகர மாட்டேன். கம்பவுண்டர் காசிலிங்கம் வந்து இழுத்தாலும் கட்டில் காலப் புடிச்சுக்குவேன், ஆமா. நாலு நாளா காய்ச்சல், கண்ணு செவந்து போச்சு, முட்டிக்கு முட்டி வலி, இன்னிக்கு மாருல தடிப்பு. போன வருசம் எங்க குப்பத்துல வீட்டுக்கு நாலு பேரு இப்பிடித்தான் சுருண்டு கெடந்தோம். அதே கொசுக் காய்ச்சல்தான் இது. பட்டவன் சொல்றேன்.

அதான், நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். காத்தவராயனுக்கு அது வராது. ரத்தத்துல தடுப்பு இருக்குன்னு அவன் சீட்டுல பச்சை முத்திரை குத்தியாச்சு. அப்ப இது வேற என்னமோ, முதுகுத்தண்டுல தண்ணி எடுத்துப் பாக்கணும். இல்ல?

எட்டாவதோட நின்னவன்தான் நான். அதுக்கு? கண்ணு இருக்குதில்ல.

ஆமா, வாசல்ல நிக்கிற லாரி எப்பக் கௌம்புது? இன்னும் அரை மணியிலயா! கோரிமேட்டுக்கு அந்தாண்ட காய்ச்சல் கண்ட ஊருக்குத்தானே? நோயாளியத் தூக்க, மருந்தடிக்க, பச்சைச் சீட்டு வச்சிருக்கிறவனா பாத்து அனுப்புறீங்க. எங்க அண்ணனையும் அப்பிடித்தானே அனுப்புனீங்க. பத்து நாளு தூக்குனான். இப்ப அவனத் தூக்கிட்டு வந்திருக்கோம்.

இருங்க, சொல்லிடறேன். உக்கார வேணாம், உக்காந்தா சொல்ல வராது.

போன வருசக் காய்ச்சல் ஓஞ்சப்புறம் எங்க குப்பத்துக்கு ரத்தம் எடுக்க வந்தீங்களே, ஆளுக்கு ஒரு டப்பா பால்பவுடரு குடுத்து? அன்னிக்கு என்ன நாளு தெரியுமா? மறுநாளு திரௌபதியம்மனுக்குத் தீமிதி. மிதிக்கிற ஆளுங்க கையில காப்பு கட்டியாச்சு, எங்க அண்ணனுக்கும்தான். காப்பு கட்டுனவன் ஒடம்புல ஊசி பட்டு ரத்தம் வந்தா தீட்டு, தீக்குழி ஏத்துக்காதுன்னு ஊரு நாட்டாரு சொல்லிட்டாரு. ஆனா பால்பவுடர விட மனசில்ல பாருங்க, எங்காளுங்களுக்கு! நல்லா சொன்னாரு அவரே ஒரு வழி. காப்பு கட்டுனவனுக்கு பதிலா வீட்டுல வேற ஒரு கை நீட்டுங்கடா, அதே ரத்தம்தானேன்னு.

மொதல்ல என் பேருல வலது கைய நீட்டுனேன். பாலகுரு, வயசு பதினாறு. அப்புறம் பின்னாடி போயி அண்ணன் சட்டையப் போட்டுக்கிட்டு, தலையில துண்டக் கட்டிக்கிட்டு வரிசையில நின்னேன். காத்தவராயன், வயசு இருவத்திரெண்டு. இடது கை. நீங்க நோட்டுல எழுதிட்டே இருந்தீங்க, தலய நிமித்தவே இல்ல. காய்ச்சல் வந்துச்சாடான்னீங்க. வரலைங்கன்னேன். அது பொய்யில்ல, அவனுக்கு வரல. குப்பத்துல காய்ச்சல் அடிச்ச ரெண்டு மாசமும் அவன் காரைக்கால்ல மாமாவோட மீன்புடி படகுல இருந்தான்.

அப்புறம் நீங்கதானே குப்பத்துக்கு வந்து சந்தோசமா சொன்னீங்க? காய்ச்சலே வராதவன் ஒடம்புலயும் தடுப்பு இருக்குது, கொசு கடிச்சு ஒண்ணும் காட்டாமயே வந்து போயிருக்குதுன்னு? அண்ணன் முதுகுலகூட தட்டுனீங்க. நான் பக்கத்துல நின்னு பால்பவுடர நக்கிக்கிட்டிருந்தேன்.

மொறைக்காதீங்கய்யா. அப்ப எனக்கு ஒரு டப்பா பவுடருன்னுதான் தெரியும். அத நம்பி அவன அனுப்புவீங்கன்னு கண்டேனா?

இல்லைங்க, எங்க வீட்டுல மட்டும் இல்ல. அன்னிக்குக் காப்பு கட்டுனவங்க பதினோரு பேரு. தம்பி கை, பொண்டாட்டி கை, கொளஞ்சிக்கு அவன் மாமியா கை. பதினோரு பேருல ஏழு பேரு இப்ப அந்த லாரியில ஏறி பீடி குடிச்சிட்டு ஒக்காந்திருக்கானுங்க. வரும்போதே கீழ எறங்குங்கடான்னு கத்துனேன். போடா பொடிப்பயலே, அரசாங்கமே முத்திரை குத்திருக்குன்னு சிரிக்கிறானுங்க. நான் சொன்னா எறங்க மாட்டானுங்க. நீங்க சொன்னா எறங்குவானுங்க.

நம்பலியா? சரி, அந்த மை டப்பாவ இப்பிடித் தள்ளுங்க. இதான் அண்ணன் சீட்டு. ரத்தம் எடுத்தப்ப வச்ச கைநாட்டு கீழ இருக்குது பாருங்க. அது என் பெருவெரலு. பக்கத்துலயே இன்னொண்ணு வைக்கிறேன், ஒத்துப் பாத்துக்குங்க.

காலையில எங்கம்மா இந்தச் சீட்ட என் கையில திணிச்சிது. கை மாத்துனது வெளிய தெரிஞ்சா ஊரு ஒதுக்கி வச்சிடும்டா, போற வழியில வாய்க்கால்ல கிழிச்சுப் போட்டுட்டு, வாயத் தொறக்காம அண்ணன் பக்கத்துல ஒக்காருன்னு சொல்லிச்சு.