நல்ல கால்

அட உக்காரு சொப்பியா, உன் முடியைப் பிடிச்சு இழுக்க மாட்டேன். நம்ம புருசன் சாரித்தோட துணி மூட்டை அந்தா கட்டி வெச்சிருக்கேன், எடுத்துக்க. மூத்தவ இளையவ தலையில நாத்தம் புடிச்ச பிரஹோக், அந்தப் புளிக்க வெச்ச மீன் சட்டியைக் கவுத்துவான்னு ஊரே எதிர்பார்த்துச்சு. நல்ல மீனை எதுக்கு வீணாக்கணும்?

அவனை மரியாதையா ‘அவரு’ன்னா சொல்ற? சொல்லு சொல்லு, நானும் சொன்னவதான்.

என்னது, தைலமா? வெட்டுப்பட்ட காலுக்கா? அடி பைத்தியமே, எல்லாரும் அதையே பாக்குறீங்க. தொடையோட கண்ணிவெடி எடுத்துட்டுப் போயிருச்சு, இல்லாத முட்டி தேயவா போகுது? நீ பாக்க வேண்டியது மத்த காலை.

அவன் நடக்குறதைப் பாத்திருக்கியா? பொய்க்காலை விருந்தாளி மாதிரி வெச்சிருக்கான், ஒரு வேலை சொல்ல மாட்டான். தரையில பட்டும் படாம வெச்சிட்டு, சட்டுனு நல்ல கால்ல தொப்புனு விழுவான். நிக்கிறதும் அதுல, திரும்புறதும் அதுல, சுமை தூக்குறதும் அதுல. பொய்க்கால் பண்ற ஆஸ்பத்திரியில தலையில அடிச்சுக்கிட்டாங்க, பாரத்தை ரெண்டுலயும் போடுய்யா, பிளாஸ்டிக்குக்கு வலிக்காதுன்னு. கேட்டாத்தானே?

செருப்பா? ஆமா, அதையும் சொல்லணும். அந்தக் காலைச் செருப்புக் குதி உயரத்துக்குத்தான் அமைச்சிருக்காங்க. வீட்டுக்குள்ள போட ஒரு சோடி தனியா வெச்சுக்கச் சொன்னாங்க. இவன் ஏணிக்குக் கீழயே கழட்டிருவான். புத்தர் படத்துக்கு முன்னாடி, செத்துப்போன அப்பன் ஆத்தாளுக்கு முன்னாடி செருப்போட நிக்கலாமாம்பான். ரொம்ப மரியாதைக்காரன். வெறுங்கால்ல அந்தப் பொய்க்கால் பின்னால சாயும். அப்ப யாரு தாங்குறது? நல்ல கால்தான்.

சிரிக்காத. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுது. மலடிக்கு என்ன தெரியும்னு கேட்டான், நாலு பேர் முன்னாடி. என்னைப் பத்தி உன்கிட்டயும் அப்படித்தான் சொல்லிருப்பான். தலையைக் குனியாத, சொல்லிருக்கான்னு தெரியுது.

உன் வீடும் தூண் மேல நிக்கிற வீடுதானே? ஏணி செங்குத்தா இருக்குமோ? கக்கூஸ் கீழயா? இல்ல, சும்மா கேட்டேன்.

முட்டியைப் பிடிச்சுக்கிட்டு முனகுறானா? மழை ஈரம்னு சொல்லிருப்பானே. மழை இல்லடி. போன வருசம் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே படம் எடுத்தாங்க. அவன் வெளிய சிகரெட் புடிச்சுட்டு நின்னான், என்னைக் கூப்பிட்டுத்தான் காட்டுனாங்க. நல்ல கால்ல முட்டிச் சவ்வு சுத்தமாப் போச்சாம், எலும்போட எலும்பு உரசுதாம். அந்தப் பக்கத்து இடுப்பும் அதே கதை. இன்னும் ரெண்டு மழைக்காலம் தாங்குனா பெருசு, அப்புறம் பொய்க்கால் மாட்டியும் நிக்க முடியாது, தூக்கி இறக்க ஆள் வேணும்னாங்க. அவன்கிட்ட நான் சொல்லல. மலடிக்கு என்ன தெரியும்?

ஏன் எந்திரிச்சிட்ட? மூட்டையை மறந்துடாத. மேல இருக்கே நீலச் சட்டை, உன் கடைக்கு முதல்ல வந்தன்னைக்குப் போட்டிருந்தானே, அது நான் எடுத்துக் குடுத்தது. தலைக்குச் சாயம் பூசினதும் நான்தான். அந்த எக்ஸ்ரே படத்தைப் பாத்துட்டு வந்ததுலேருந்து பட்டம்பாங் சந்தை பூரா விசாரிச்சேன். புருசன் இல்லாதவளா இருக்கணும், முதுகு பலமா இருக்கணும். நீ ஒத்தையா அரிசி மூட்டை தூக்குறதை என் கண்ணால பாத்தேன். அந்த சொப்பியா கடையில நூடுல்ஸ் நல்லாருக்காம், போய்ச் சாப்பிட்டு வாய்யான்னு அவனை அனுப்பினதே நான்தானே.